சுமார் என்றேன்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு முதுகு நிமிரும். ஆனால் கல்லூரியில் நான் முதலில் கற்றுக்கொண்டது பாடத்தை அல்ல, ‘சுமார்’ என்று சொல்வதை.

புதுப் படம், மாலில் குடித்த காபி, யாரோ வாங்கிய மதிப்பெண், எதைக் காட்டினாலும் தோழிகள் உதட்டைச் சுழித்து, “சுமார்டி” என்பார்கள். வாயைப் பிளந்தால், இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று தெரிந்துவிடும். நான் எல்லாவற்றையும் அப்போதுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் மற்றவர்களைவிட வேகமாக அதைச் சொல்லப் பழகினேன். அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்தபோது யோசிக்காமலே வாயில் வந்தது.

அம்மா ஐயப்பன்தாங்கலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் அக்கா ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, கிழித்த காலண்டர் தாளைத் திருப்பி என் லேப்டாப் மேலேயே வைத்தாள். அவள் பெயர் பத்துமுறை இருந்தது. கடைசி எழுத்து ஒவ்வொரு முறையும் கீழே சரிந்திருந்தது.

“எப்டி கீது?”

“சுமார்மா.” தாளை நகர்த்திவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

“அவ்ளோதானா? ரெண்டு மாசமா எழுதிகினு கீறேன், டீச்சரம்மா.” சிரித்தாள். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் நசரத்பேட்டையில் புது வாடகை வீட்டுக்கு ஒப்பந்தம் போடப் போனோம். வீடு அம்மா பெயரில். வீட்டுக்காரர் பேனாவை நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

“ரேகை வெச்சிட்றேன் சார். மை டப்பா கீதா?”

“அம்மா, உனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே.”

“வாணாம்மா. நாலு பேர் பாக்குற பேப்பரு. அசிங்கமா பூடும்.”

“நல்லாத்தாம்மா இருந்துச்சு.”

“சர்தான், வுடு.” என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்காரர் உள்ளே போய் மைப்பெட்டியைத் தேடி எடுத்து வந்தார். அம்மாவின் பெருவிரலைப் பிடித்து ஒவ்வொரு பக்கத்திலும் அழுத்தினார். அவள் விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். சாட்சி என்று அச்சிட்ட இடத்தில், அந்த ரேகைக்குப் பக்கத்தில், நான் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

“கிளம்பு, பஸ்ஸு போய்டும்” என்றாள் அம்மா.