சோளகத்தின் மேல் போட்ட பழி

போன கிழமை ஒரு காலை, ஒரு படகைப் பிடிப்பதற்காகக் கடலுக்கு நடுவில் நின்று என் கணவரின் காதுக்குள் பாட வேண்டியதாகிவிட்டது. சிரிக்காதீர்கள்... முழுவதும் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் வீடு மண்கும்பானில். நான் சங்கீதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் நயினாதீவில். காலையில் இவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் குறிகட்டுவான் இறங்குதுறையில் விடுவார். அங்கிருந்து முதல் படகு.

அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சை. பட்டியலில் முதலாவது பெயர் யாழினி. தனியே பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வெளியாட்களைக் கண்டால் தொண்டை அடைத்துவிடும். அதற்கு முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரீச்சர், நீங்கள் வாசல்ல நிண்டாலே போதும், நான் பாடிடுவன்" என்றாள். நிற்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த படகில் போனால் அவள் பாடி — அல்லது பாடாமல் — வெளியே வந்திருப்பாள்.

வேலணை முடிந்து புங்குடுதீவு தொடங்கும் வரைக்கும் தெரு கடலுக்கு நடுவால்தான் போகும். இரண்டு பக்கமும் தண்ணீர். தண்ணீருக்குள் வானம். நாரைகள் ஒற்றைக் காலில் நித்திரை. அந்த இடத்தில் நான் ஒன்றும் பேச மாட்டேன். பின்னால் இருந்து கனவு காண்பது என் உரிமை.

ஆனால் கொஞ்சக் காலமாகக் கனவுக்குள் ஒரு அலறல். எஞ்சின் கத்துகிறது; வண்டியோ ஊர்கிறது. கேட்டால் இவரிடம் ஒரே பதில்தான்.

"காத்தப்பா! சோளகம் முகத்தில அடிக்கேக்க வேற என்ன செய்யும்?"

தீவுக்காரருக்கு இதை மறுக்க ஏலாது. சோளகம் தென்மேற்கில் இருந்து வரும். இறங்குதுறைக்குப் போகும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது முதுகில் பிடித்துத் தள்ளிவிடும். திரும்பி வரும்போது வண்டியும் ஒழுங்காகத்தான் ஓடியது. வழக்கு முடிந்தது, குற்றவாளி காற்று!

ஆனால் என் காது சும்மா இருக்குமா? சுருதி ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. இவர் முறுக்க முறுக்க, மூச்சில்லாமல் மேல் ஸ்தாயிக்குத் தாவும் பிள்ளையைப் போல எஞ்சின் கீச்சிடுகிறது.

"கிளச் ஏதும் தேய்ஞ்சு போச்சோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீர் பாட்டைப் பாரும். காத்தை நான் பாக்கிறன்."

சரி, பாருங்கோ என்று விட்டுவிட்டேன்.

பரீட்சை நாளன்று காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. தூரத்துத் தோணியில் கொடி தொங்கிப்போய் நின்றது. இவர் முறுக்கினார் — அதே அலறல், அதே ஊர்தல். சைக்கிளில் போன ஒரு மீன்கார அண்ணை எங்களை முந்தினார். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"இஞ்சருங்கோ... எங்க உங்கட காத்து?"

பதிலுக்குக் கருகல் மணம்தான் வந்தது. வண்டியை நிற்பாட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் யாழினிதான் கண்ணுக்குள்.

அந்த நேரம் ஒன்று தோன்றியது. மெதுவாகப் புறப்படும்போது வண்டி இழுத்ததே! சத்தம் ஏறினால்தானே கிளச் பிடிக்காமல் வழுக்குகிறது?

"நான் ஒரு சுருதி பிடிக்கிறன். எஞ்சின் அதுக்கு மேல போகக்கூடாது. சரியோ?"

"என்னப்பா, விசரே உமக்கு?"

"ஓம், விசர்தான். ஓட்டுங்கோ!"

காதுக்குள் கீழ் ஸட்ஜத்தைப் பிடித்தேன். இவர் கொஞ்சமாக முறுக்கினார். எஞ்சின் என் குரலோடு வந்து சேர்ந்தது. கிளச் வழுக்காமல் வண்டி நகர்ந்தது! சத்தம் கூடினால் தோளில் ஒரு தட்டு; உடனே கையைத் தளர்த்துவார். அசையாத கடல், அசையாத நாரைகள், நடுவில் ஒரே சுருதியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பழைய வண்டியும். படகு போய்விடும் என்ற அவசரம் இருந்தது. ஆனாலும் அந்தத் தெரு முடியவே கூடாது என்றும் இருந்தது.

இறங்குதுறைக்குப் போனால் படகு கயிறு அவிழ்த்து நகர்ந்துவிட்டது. பாடத்தை மறந்து மேல் ஸட்ஜத்தில் கத்தினேன்: "அண்ணை...!"

படகு திரும்பியது. படகோட்டி கை நீட்டி ஏற்றிக்கொண்டே சொன்னார், "என்ன ரீச்சர், உங்கட மோட்டார் சைக்கிள் அலறுற சத்தத்தை வைச்சுத்தான் நான் நாளாந்தம் பொறுத்து நிக்கிறனான். இண்டைக்குச் சத்தத்தைக் காணேல்லை, வரேல்லையாக்கும் எண்டு வெளிக்கிட்டிட்டன்."

ஊருக்கே கேட்டிருக்கிறது. எங்களுக்குத்தான் அது காற்று.

யாழினி உள்ளே போகும் முன் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நான் நின்றேன். பாடினாள்... முழுவதையும் பாடினாள். நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பின்னேரம் கராஜில் கழற்றிப் பார்த்தால் கிளச் பிளேட்டுகள் கரிந்து மெலிந்து கிடந்தன. "ஏத்தமான தெருவெண்டால் முந்தியே காட்டிக் குடுத்திருக்கும் அக்கா. தீவில ஏத்தம் எங்க? எல்லாரும் காத்து எண்டுதான் கடைசி வரைக்கும் ஓடுவினம்" என்றார் மெக்கானிக். இவர் கூரையைப் பார்த்தார்.

இவரை மட்டும் சொல்லி என்ன? சட்டை இறுகினால் தையற்காரரைச் சொல்கிறோம். நித்திரை வராவிட்டால் நுளம்புக்கடியைச் சொல்கிறோம். பழியைத் தாங்க ஒரு காற்று கைவசம் இருந்தால் போதும், எவ்வளவு காலமும் ஓட்டலாம்.

புதுக் கிளச் போட்டாயிற்று. அடுத்த நாள் காலை அதே கடல் தெரு. சோளகம் மறுபடி எழும்பி முகத்தில் அறைந்தது. வண்டி கொஞ்சம் தயங்கியது. இவர் காதைக் கூராக்கினார்.

"இஞ்ச பாரும்... இந்தப் புதுக் கிளச்சும் சரியில்லைப் போல கிடக்கு."

பாவம் சோளகம் — உண்மையாகவே வண்டியைத் தடுத்த அன்றைக்கு அதை ஒருவரும் நம்பவில்லை!