டிரம்மைக் காலி செய்தவர்

அண்ணன் ஒரு சரக்குக் கிடங்கில் தச்சன். சாமான் அடுக்கும் மரத்தட்டுகள் உடைந்தால் சரிசெய்வது அவன் வேலை. தேறாத தட்டுகளை எரிக்கச் சொல்வார்கள். அவனுக்கு மனம் வராது. அப்படிச் சேர்த்த பலகைகளை வைத்துத்தான், மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்புறம் அவனும் அவன் கூட்டாளியும் பெயின்ட்பால் மைதானம் போட்டார்கள். சாயக்குண்டு சுட்டு விளையாடுகிறவர்களுக்கு ஓடி ஒளிய மறைப்பு வேண்டும். மறைப்பு கட்டுவது அண்ணன் பொறுப்பு, ஆள் பிடிப்பது கூட்டாளி பொறுப்பு.

அண்ணன் கோபக்காரன். ஓர் ஆணி முனை வெளியே நீட்டியிருந்தால் ஊரைக் கூட்டுவான், அடித்தவன் அவனே என்றாலும். ஒவ்வொரு மறைப்பும் முடிந்ததும் அரைக்கைச் சட்டையோடு அதைச் சுற்றித் தவழ்ந்து பார்ப்பான்.

"நாப்பது வயசுல தவழ ஆரம்பிச்சிருக்கீங்க. நடக்கறது எப்போ?" என்று அண்ணி கேட்டாள்.

"கிழிஞ்சா என் தோல் கிழியட்டும்டி. விளையாட வர்றவன் என்ன பாவம் பண்ணான்?"

கடைசியாகக் கட்டியது டிரம் சுவர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டிரம், வாரால் இறுக்கி, மொத்தம் ஆறு ஜோடி. சுவர் சரியாமலிருக்க அடியில் கனம் வேண்டும்; மண் சுமக்க ஆள் இல்லாததால் கீழ் டிரம்களில் தண்ணீர் நிரப்பினான். அவற்றின் அடியோரத்து மூடிகளில் வாஷர் தேய்ந்திருந்ததால் கசிந்தது. "திங்கக்கிழமை புது வாஷர் போட்டுடறேன். அதுவரைக்கும் யாரையும் உள்ள விடாதே" என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டு ஓவர்டைம் வேலைக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஓர் அலுவலகத்து ஆட்கள் விளையாட வந்தார்கள். சுவரடியில் சேறு. வந்தவர்கள் ஷூ அழுக்காகும் என்று முகம் சுளித்தார்களாம். கூட்டாளி மூடிகளைத் திறந்து தண்ணீரையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, சேற்றின் மேல் மரத்தூளைக் கொட்டினார். காலி டிரம்மும் நிறைந்த டிரம்மும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும்! ஓடிவந்து சாய்ந்த ஒருவர்மேல் ஒரு ஜோடி அப்படியே சரிந்தது. காறை எலும்பு முறிந்தது.

"கட்டினது நான் இல்லீங்க" என்று கூட்டாளி எல்லாரிடமும் சொன்னார். பொய் இல்லை. அதனால்தான் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணன் போய் டிரம்மை உதைத்துப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது. எங்களிடம் மட்டும் சொன்னான். வெளியே வாய் திறக்கவில்லை. அதன்பின் கிடங்கில் அவனை "டிரம்மு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்த கூட்டாளி, கிடங்கு ஆட்கள் நடுவில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "பாவம், அந்த டிரம் விஷயத்துல மனசு ஒடிஞ்சுட்டான். மனுஷன்னா தப்பு பண்றது சகஜம். நான் அப்பவே மன்னிச்சுட்டேன்."

நான் எழுவதற்குள் அண்ணி அவர் எதிரே வந்து நின்றாள்.

"தண்ணியத் தொறந்து விட்டது யாரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா..."

"யாருன்னு கேட்டேன்."

"சேறா இருந்துச்சு தங்கச்சி. நான்தான்... நல்லதுக்குன்னு நெனச்சு..."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் கேட்கும்படி சொன்னார். அந்தப் பட்டப்பெயரை வைத்த கிடங்கு மேஸ்திரி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாசல் அந்தப் பக்கம்" என்றாள் அண்ணி.

அவர் போனபின்னும் என் கோபம் தணியவில்லை. மீதிக் கோபம் அண்ணன்மேல். டிரம் சரிந்த அன்றிரவே அவனிடம் நான் கேட்டிருந்தேன், "ஏன்டா சொல்ல மாட்டேங்கறே?" என்று. "கட்டினவன் நான். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் அங்க நின்னிருக்கணும்" என்றான். ஆணிக்கெல்லாம் கத்தியவன், தனக்காக ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா?