ஆடியில் வந்த குடித்தனம்

காரைக்குடியில் எனக்குச் சொந்தமாக ஒரு வாடகை வீடு இருக்கிறது. இப்படி எழுதிப் பார்க்கவே ஆசையாக இருக்கிறது. நான் அதிகம் படித்தவள் இல்லை. பத்திர ஆபீசில் ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகத்தான் கையெழுத்துப் போட்டேன். பின்னால் நின்றவர், "வெரசாப் போடுங்கத்தா" என்றார். "வீடு வாங்குறது நானு. மெதுவாத்தேன் போடுவேன்" என்றேன். அங்கிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கடைசி எழுத்து கொஞ்சம் கோணிப்போனது.

பஸ் நிலையத்துப் பக்கம் பணியாரக் கடை வைத்திருந்தேன். அடுப்புக்கு முன்னால் நின்றே என் காலம் போனது. முழங்கால் இரண்டும் இனி முடியாது என்றதும், மாதாமாதம் வாடகை வந்தால் கடையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். என் கணவர் தச்சு வேலை செய்கிறவர். சிங்கம்புணரிப் பக்கம் நிலம் வாங்கலாம் என்றார். "அதுல எறங்கி நிக்கப்போறது ஆரு காலு? ஒங்க காலா?" என்று கேட்டேன்.

கல்லூரிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய வீடு அமைந்தது. சின்ன வீடுதான். ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் வற்றாத கிணறு. வைகாசியில் கிரயம் முடிந்து சாவி வந்ததும், ஒவ்வோர் அறையாகப் போய் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். "கரண்டு பில்லு இனி நமக்குத்தேன் வரும், தெரியும்ல?" என்றார் கணவர். வரட்டுமே!

ஆனிக்குள் பால் காய்ச்சி, ஆளைக் குடிவைத்துவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். வாசல் கதவைப் புதிதாகச் செய்கிறேன் என்று அவர் பழையதைக் கழற்றியதில்தான் எல்லாம் கெட்டது. ஊர்க்காரர்களுக்குச் சொன்ன நாளில் கதவு மாட்டிக் கொடுக்கிற மனிதர், சொந்த வீட்டுக் கதவு என்றதும் இழைத்தார், தடவிப் பார்த்தார், மறுபடியும் இழைத்தார்.

"குடியிருக்க வாரவுக கதவையா கட்டிக்கிட்டு அழப்போறாக?" என்றேன்.

"ஆசாரி வீட்டுக் கதவு இப்புடியான்னு நாலு பேரு கேட்ருவான்டி."

அவர் கதவை மாட்டி முடித்தபோது ஆடி பிறந்துவிட்டது. எங்கள் பக்கம் ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பாலும் காய்ச்ச மாட்டார்கள். என்றாலும் டூலெட் போர்டு போட்டேன். வந்தவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், கதவைத் தட்டிப் பார்த்தார்கள். "வீடு நல்லாருக்கு, ஆவணியில பாப்போம்" என்று போய்விட்டார்கள். அட்வான்ஸ் கொடுக்க ஒருவரும் துணியவில்லை. நான் கடையில் நின்றுவிட்டு வந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு டீச்சர், கணவரோடும் மாமியாரோடும் வந்தார். சிவகங்கையிலிருந்து மாற்றலாகி வந்தவர். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "எப்ப வரலாம்மா?" என்றார்.

"ஆவணி பொறக்கட்டுமே" என்று பழக்கத்தில் என் வாய் சொல்லிவிட்டது.

"அதுவரைக்கும் நான் தெனம் பஸ்ஸுல லோல்படவா? எங்களுக்கு ஆடியெல்லாம் கெடையாதும்மா. வார ஞாயித்துக்கெழமையே வந்துருவோம்."

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லிருங்க. இன்னொரு வீடும் பாத்து வச்சிருக்கோம்."

என் கணவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். "நாமளே இன்னும் பால் காய்ச்சல. மொதக் குடித்தனம் ஆடியிலயா? ஏதாச்சும் ஒண்ணுன்னா?"

எனக்கும் பயம்தான். ஆடியில் ஒரு நல்ல காரியம் நான் செய்ததே இல்லை. ஆனால் இவர்களை விட்டால், ஆவணியில் பார்ப்போம் என்றவர்களில் ஒருவராவது திரும்பி வருவார் என்று எப்படி நம்புவது? யோசித்துப் பார்த்தேன். சுவர்தான் நம்முடையது. அடுப்பு மூட்டி, சோறாக்கி, படுத்து எழுந்திருக்கப் போகிறவர்கள் அவர்கள்.

"ஆடி நமக்குத்தேன். அவுகளுக்கு இல்லைன்னா இல்லதேன். குடிவாரது நாமளா, அவுகளா?" என்றேன். "நீங்க கதவ நேரத்துக்கு மாட்டியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

நான் உள்ளே போய், "ஞாயித்துக்கெழம வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறன்று சர்ச்சில் பூசை முடித்து அவர்களுடைய சாமியார் வந்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னார். என் தலையிலும் விழுந்தது, துடைக்கவில்லை. சாமான் இறக்கும்போது, "ஏப்பா, கதவு பத்திரம்!" என்று கத்திக்கொண்டே நின்றார் என் கணவர்.

அந்த வாரமே பணியாரக் கடையை விட்டுவிட்டேன். வழக்கமாகச் சாப்பிடும் ஆட்டோக்காரர், "இனி நாங்க எங்குட்டுப் போறது?" என்றார். "எங்குட்டாச்சும் போங்கப்பா, எனக்கு வாடகை வருது" என்றேன். இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம்தான்.

மாதம் முடிந்து முதல் வாடகை வாங்கப் போனேன். தினமும் திறந்து பெருக்கிய வீடு. பழக்கத்தில் கதவைத் தள்ளப் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். உள்ளே குக்கர் விசிலடித்தது. மெதுவாகத் தட்டினேன்.

"யாரு?" என்றார் டீச்சரின் மாமியார்.

சேலையைச் சரிசெய்துகொண்டு, "வீட்டுக்காரம்மா" என்றேன்.