தொண்ணூற்றொன்று போதும்

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டின்மேல் இருக்கிற அந்தப் பெட்ரோல் பங்கில், பொற்கொடியின் பம்பில் மட்டும் எப்போதும் ஒரு வண்டி கூடுதலாக நிற்கும். பக்கத்துப் பம்பு காலியாகக் கிடந்தாலும் சிலர் காத்திருந்து அவளிடம்தான் போடுவார்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவள் மூடியைப் படிப்பாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அன்னூர்ப் பக்கம் மில் வேலையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு டீசல் காருக்குப் பெட்ரோலைப் போட்டுவிட்டாள். வண்டியை ஓரமாகத் தள்ளி, டேங்கை இறக்கிக் கழுவி முடிக்கிறவரை அவளும் கூடவே வெயிலில் நின்றாள். அன்றிலிருந்து, டேங்க் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிற சீட்டைப் படிக்காமல் பம்புக் குழாயைக் கையில் எடுத்ததில்லை.

பங்கில் இரண்டு விதப் பெட்ரோல். சாதா என்றால் ஆக்டேன் தொண்ணூற்றொன்று. விலை கூடினது தொண்ணூற்றைந்து. கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர், நம்பர் கூடினால் சத்து கூடும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள்.

"சத்து இல்லீங்க, பொறுமைங்க," என்பாள் பொற்கொடி. "இஞ்சின் பெட்ரோலப் போட்டு அமுக்கறப்ப, நேரத்துக்கு முன்னால தானாப் பத்திக்காமத் தாங்கோணும். எவ்வளவு தாங்கும்ங்கறதுதான் அந்த நம்பர். உங்க வண்டி அவ்வளவு அமுக்கறதில்லீங்க. சாதாவே போதும்."

மேனேஜர் அரங்கசாமிக்கு இது பிடிப்பதில்லை. தொண்ணூற்றைந்து அதிகம் ஓட வேண்டும் என்பது அவர் கவலை. ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஷிப்டைப் பொற்கொடி பொறுப்பில் விடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அரங்கசாமி சரி என்று சொன்னால் முடிந்தது. அவர் இன்னும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் திருமூர்த்தி வந்தார். அன்னூர்ப் பக்கம் தோட்டங்காடு உள்ளவர். மகள் லோகப்பிரியாவைப் பெருந்துறையில் நிச்சயம் செய்திருந்தார். சம்பந்தி வீட்டாரைக் கோத்தகிரிக்கு அழைத்துப்போக, பழைய கார் ஒன்றைப் புதுசு மாதிரி மெருகேற்றி வாங்கியிருந்தார்.

"ஒசத்தியாப் போடு அம்மணி. சம்பந்தி ஏறுற வண்டி."

பொற்கொடி மூடியைத் திறந்து படித்தாள். தொண்ணூற்றொன்று. "சம்பந்தி ஏறுனா இஞ்சினுக்குத் தெரியாதுங்க. சாதாவே போதும்," என்றாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

நாலாம் நாள் காலையில் அதே கார் ஹாரனை அழுத்திக்கொண்டே உள்ளே வந்தது.

"உன்ற பேச்சக் கேட்டுப்போட்டு என்ற மானமே போச்சு!" திருமூர்த்தி கதவைக்கூடச் சாத்தவில்லை. "மலையேறறப்ப தகர டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்கற மாதிரி சத்தம். ‘பொண்ணுக்கும் இதே வண்டியத்தான் குடுக்கப் போறீங்களா’ன்னு சம்பந்தி கேக்கறாரு!"

வரிசையில் நின்ற ஐந்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அரங்கசாமி வெளியே வந்தார். "நாஞ் சொன்னா கேட்டாத்தான?" என்று பொதுவாகச் சொன்னார்.

பொற்கொடிக்கு முகம் சூடேறியது. அவள் சொல்லி ஒரு வண்டி கெட்டது என்று பேர் வந்தால் அப்புறம் அவளிடம் யார் காத்திருப்பார்கள்? ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க, சத்தம் எப்ப வருதுங்க? சமமான ரோட்டுலயுமா?"

"மேட்டுல, மிதிச்சாத்தான்."

"முன்ன வெச்சிருந்தவரு எந்தப் பெட்ரோல் போட்டாருன்னு கேட்டீங்களா?"

"அதையெல்லாம் யாரு கேப்பா?"

"ஒரு போனப் போடுங்க."

வண்டியை விற்றவன் சரவணம்பட்டிக்காரன், யஷ்வந்த். போன் ஸ்பீக்கரில் அவன் குரல் பங்குக்கே கேட்டது. "அண்ணா, அது ரீமேப் பண்ணுன வண்டிங்ணா. பிக்கப் வரோணும்னு இஞ்சின் கம்ப்யூட்டர மாத்தி வெச்சிருக்கறேன். தொண்ணூத்தஞ்சுக்குக் கொறஞ்சு போட்டா இஞ்சின் இடிச்சுச் சத்தம் வரும். சொன்னனுங்களே?"

"எங்கடா சொன்ன?"

"ஐயோ... பாட்டு சிஸ்டத்தப் பத்திச் சொன்னேன். இத உட்டுப்போட்டனுங்ணா."

யாரோ சிரித்தார்கள். பொற்கொடி சிரிக்கவில்லை. பழியை அந்தப் பையன் தலையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை.

"என்ற தப்பும் இருக்குதுங்க," என்றாள். "மூடியப் படிச்சேன். வண்டி கம்பெனில வந்தபடியே இருக்குதான்னு உங்களக் கேக்கல. இப்பத் தொண்ணூத்தஞ்சு நெரப்பித் தாரேன். உள்ள சாதா கலந்து கெடக்குது, இந்த டேங்கு தீர்ற வரைக்கும் மேட்டுல மிதிக்காம, கியரக் கொறச்சு ஓட்டுங்க. இல்லாட்டிக் கம்பெனி செட்டிங்குக்கே மாத்திப்போடுங்க. அப்பறம் சாதாவே போதும்."

திருமூர்த்திக்குக் கோபம் பாதி இறங்கியிருந்தது. "அப்ப ஒசத்தி போடுன்னு நாஞ் சொன்னது சரிதான?"

"சரிதானுங்க. ஆனாச் சம்பந்திக்காக இல்லீங்க."

அவரே சிரித்துவிட்டார்.

அரங்கசாமி அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பாத்தியா? இனி மூடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாத்துக்கும் ஒசந்ததப் போடு. ஒருத்தரும் வந்து சண்டைக்கு நிக்க மாட்டாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. உயர்ந்ததைப் போட்டால் எந்த இஞ்சினும் இடிக்காது. பணம் போவதைத் தவிர யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அவள் பேரும் பத்திரம், காலை ஷிப்டும் பத்திரம்.

அடுத்து வந்தது ஒரு சின்னக் கார். ஸ்கூல் டீச்சர் கீதா, வாடிக்கைதான். நடந்ததையெல்லாம் கண்ணாடியை இறக்கி வைத்துக் கேட்டிருந்தாள். "எனக்கும் அந்தத் தொண்ணூத்தஞ்சே போட்டுருங்கக்கா. எதுக்கு வம்பு?"

பொற்கொடி மூடியைத் திறந்தாள். தொண்ணூற்றொன்று.

"புதுசா எடுத்த வண்டிங்களா, பழசா?"

"புதுசுதான். நாலு வருசமாச்சு."

"கம்பெனியத் தவிர இஞ்சின்ல யாராச்சும் கைய வெச்சாங்களா?"

"இல்லக்கா."

"மேடேறும்போது இடிக்கற சத்தம்?"

"இல்லவே இல்ல."

திருமூர்த்தி இன்னும் வண்டியை எடுக்கவில்லை. அரங்கசாமியும் நகரவில்லை.

"அப்ப உங்களுக்குச் சாதாவே போதுங்க."

"இப்பத்தான அவருகிட்டத் தப்பாச் சொன்னேன்னு ஒத்துக்கிட்டீங்க?"

"ஆமாங்க. அவரக் கேக்காம உட்டதையெல்லாம் உங்களக் கேட்டுப்போட்டனுங்களே."

கீதா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "செரி, போடுங்க."

அரங்கசாமி உள்ளே போனார். பொற்கொடி திரும்பிப் பார்க்கவில்லை. சாதா பம்புக் குழாயை எடுத்து டேங்கில் வைத்தாள்.

"ஜீரோ பாத்துக்கங்க," என்றாள்.