காற்று மிசினும் மூன்று கிலோ செத்தலும்

அந்தக் கோடையில் வடக்கே காடு எரிந்தது. எங்கேயோ தொலைவில் எரிந்த காடு, நாங்கள் இருக்கும் டொலார்டில் எங்கள் குளியலறைக்குள் மணத்தது. சூரியன் பட்டப்பகலில் செம்மஞ்சளாகத் தொங்கியது. ஜன்னல்களைப் பூட்டி வையுங்கள் என்று வானொலியில் சொன்னார்கள். பூட்டினோம். துவாய்களை நனைத்துக் கதவுகளின் அடியில் செருகினோம். மேல்மாடியில் மகள் மூச்சுவிடும் சத்தம் கீழே சோபாவில் இருந்த எனக்குக் கேட்டது. அது கேட்டிருக்கவே முடியாது என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள். எனக்குக் கேட்டது.

மகளுக்கு அப்போது எட்டு வயது. நாலு வயதிலிருந்து தொய்வு, மூச்சிழுப்பு. நல்ல நாட்களில் மற்றப் பிள்ளைகளைப்போல ஓடித் திரிவாள். கெட்ட நாட்களில் நெஞ்சு விசிலடிக்கும், தோள்கள் காதுவரை ஏறும், நீல நிற மருந்துப் பம்பை வாயில் வைத்து இழுக்க வேண்டும். அந்தக் கிழமை முழுவதும் கெட்ட நாட்கள்தான். வீட்டுக்குள் இருக்கும் காற்றையாவது சுத்தமாக வைத்திருக்கப் பாருங்கள் என்றார் வைத்தியர்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை ஒளித்துவிட்டு மிச்சத்தை எழுத முடியாது. லிஃப்டில் ஏறப் பயம், நாய்க்குப் பயம், அரசாங்கக் கடிதத்தைப் பிரிக்கப் பயம். புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் இன்றுவரை ஏணி ஏறியதில்லை. "பயந்தாங்கொள்ளி" என்று மனைவி செல்லமாகச் சொல்வாள், செல்லமில்லாமலும் சொல்வாள்.

புகை அடங்கி ஒரு மாதத்தில், முழு வீட்டுக்குமாக மின்சாரத்தில் காற்றைச் சுத்தம் செய்யும் மிசின் ஒன்றைப் பூட்டுவித்தோம். பூட்ட வந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். எங்கள் பேஸ்மென்றில் ஃபேர்னஸ் நிற்கிறது. வீட்டுக் காற்றை இழுத்து, சூடாக்கி, குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்புவது அதுதான். காற்று அதற்குள் நுழைகிற பெரிய தகரக் குழாயை வெட்டி, இடையில் ஒரு பெட்டியைச் செருகினார். பெட்டிக்குள் இரண்டு கூடுகள். கூட்டுக்குள் மெல்லிய அலுமினியத் தகடுகள், புத்தகத் தாள்களைப்போல நெருக்கமாக. தூசியும் புகையும் மின்சாரம் ஏறி அந்தத் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான காற்று மேலே மகளின் அறைக்குப் போகும். எனக்கு அது மட்டும் போதும்.

"அண்ணை, உள்ளுக்கு எவ்வளவு கரண்ட் ஓடுது?" என்று கேட்டேன்.

"கரண்ட் கொஞ்சம்தான் தம்பி. வோல்ற்தான் கூட. ஆறாயிரம் ஏழாயிரம் வரும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கதவைத் திறந்தாத் தானா நிண்டிடும், பயப்பிடாதேங்கோ. மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு கூட்டையும் கழட்டி, சவர்க்காரத் தண்ணியில ஊறவிட்டு, அலசி, ஒரு இரவு காயவிட்டுப் போடுங்கோ. ஈரம் இருந்தா மட்டும் சத்தம் வைக்கும்."

"என்ன சத்தம் அண்ணை?"

"கேட்டாத் தெரியும்," என்றார்.

முதல் முறை கழுவிய பிறகு கேட்டேன். ஒரு இரவு காயவிட்டுத்தான் போட்டேன். எந்த மூலையிலோ ஒரு துளி நின்றிருக்க வேண்டும். சுவிட்சைத் தட்டியதும் பெட்டிக்குள் 'டப்' என்று வெடித்தது. பிறகு இன்னொன்று, பிறகு நிற்காமல். மின்னல் அடித்து ஓய்ந்த பிறகு வருமே ஒரு கூரான மணம், அது பேஸ்மென்ற் முழுக்கப் பரவியது. நான் சுவிட்சை அணைக்கவில்லை. ஓடினேன். படியேறி, சமையலறையைத் தாண்டி, கராஜுக்குள் போய் நின்றேன். கீழே இறங்கி அணைத்தது மனைவி. அப்போதுதான் மகளின் நினைவு வந்தது. அவளை அறையில் விட்டுவிட்டு நான் மட்டும் ஓடி வந்திருக்கிறேன்.

அந்த வார இறுதியில் மனைவியின் தமக்கை வீட்டில் இது பெரிய கதையாகிவிட்டது. "மிசின் வெடிக்குது எண்டு ஆள் காருக்குப் பின்னால ஒளிச்சு நிண்டவர்," என்று மனைவி நடித்துக் காட்டினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குள் எப்படி இறங்கியது என்று யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு கூடுகளை ஒரு இரவு அல்ல, மூன்று நாள் காயவைத்தேன். உடுப்புத் தோய்க்கும் அறையும் ஃபேர்னஸும் என் பொறுப்பு, மற்ற யாரும் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. மறுநாள் காலையே "போட்டாச்சு" என்று மனைவியிடம் சொல்லிவிடுவேன். அந்த மூன்று நாளும் பெட்டி வெறும் பெட்டி. ஃபேர்னஸின் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், காற்றும் வீடெல்லாம் போய்வரும், ஆனால் இடையில் தடுக்க ஒன்றும் இராது. மூன்று நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். என்னுடைய பயத்துக்கு மகளின் மூச்சில் மூன்று நாளைக் கொடுத்தேன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் கறித்தூள் கடையில் வாங்குவதில்லை. கடைத்தூளில் வைத்த கறி தண்ணீரில் சாயம் கரைத்தது மாதிரி என்பாள் மனைவி. வருடா வருடம் ஜூலையில், பின்வளவில் காஸ் அடுப்பை வைத்து, செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் தாச்சியில் வறுத்துத் திரிப்போம். பக்கத்து வீட்டுக் கிழவர் தும்மிக்கொண்டே தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். மகளை அன்று பெரியம்மா வீட்டில் விட்டுவிடுவோம். அந்த ஜூலையில் வெளியே மூச்சே விட முடியவில்லை. பிறகு மழை, பிறகு பள்ளிக்கூடம். நவம்பரில் தூள் போத்தலின் அடி தெரிந்துவிட்டது.

"பேஸ்மென்றில வறுப்பம்," என்றாள் மனைவி. முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் அங்கே ஒரு பழைய அடுப்பை விட்டுப் போயிருந்தார்கள். "பிள்ளை மேல கதவைச் சாத்திக்கொண்டு இருக்கட்டும். மிசினும் ஓடும்தானே."

"பின்ன, மிசின் பூட்டினது என்னத்துக்கு?" என்று சொன்னது நான்தான்.

மூன்று கிலோ செத்தல் வாங்கினோம். அன்றைக்கு மிசின் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று வெள்ளிக்கிழமை பின்னேரமே கூடுகளைக் கழற்றிக் கழுவினேன். சனிக்கிழமை காலையில் விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்துவிட்டது போலத்தான் இருந்தது. 'போல' என்பது எனக்குப் போதாது. தகடுகளுக்கு நடுவே டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஏதோ மினுங்கியது. அலுமினியம் என்றால் மினுங்கத்தான் செய்யும். அப்படியே உடுப்புத் தோய்க்கும் அறைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு மேலே வந்தேன்.

வெளியே முதல் பனி கொட்டியிருந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது பேஸ்மென்ற் படியடியில் இருந்து மனைவியின் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, மிசினுக்குள்ள அதுகளைத் திருப்பிப் போட்டிட்டீங்களோ?"

ஒரு கணம்தான் யோசித்தேன். இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் சிரிப்பாள்.

"ஓம், போட்டாச்சு," என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பனி தள்ளப் போனேன்.

கால் மணி நேரம் தள்ளியிருப்பேன். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் தொண்டை அடைத்தது. செத்தல் கருகும் நெடி. பேஸ்மென்றில் அல்ல, முன்வாசலில். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பேஸ்மென்ற் சுவரில் காற்றை இழுக்கும் பெரிய சல்லடை ஒன்று இருக்கிறது. அடுப்பிலிருந்து அது பத்தடி தூரம். அது நெடியை இழுத்து, வெறும் பெட்டிக்குள்ளால் விட்டு, குழாய் குழாயாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. மகளின் அறையில் குழாயின் வாய் அவளுடைய கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அவள் நாங்கள் சொன்னபடியே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

பனிச் சப்பாத்தோடு படியேறினேன். கட்டிலில் இரண்டு கைகளையும் ஊன்றி, முன்னால் குனிந்து இருந்தாள். கழுத்தின் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. "அப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. விசில் சத்தம்கூட இல்லை. விசில் கேட்டால் பயப்படு, கேட்காவிட்டால் இன்னும் பயப்படு என்று தாதி ஒருவர் சொல்லியிருந்தார். பம்பை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்று வெளியே போனது. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

மனைவி ஓடி வந்தாள். பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். முழங்கைவரை மிளகாய். அந்தக் கையால் தொட முடியாது. இரண்டு கைகளையும் காற்றில் பிடித்துக்கொண்டு, "தூக்குங்கோ, வெளியில கொண்டு போங்கோ," என்று கத்தினாள். நான் கம்பளியோடு தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அம்புலன்ஸுக்கு அழைத்தாள். கார்டெறியில், சின்னப் பிள்ளைகளின் காப்பகத்தில், வேலை செய்வதால் அவளுக்குத்தான் எங்களில் பிரெஞ்சு நன்றாக வரும். திறந்த கதவுக்குள்ளால் அவள் "வுய், வுய்" என்று சொல்வது எனக்குக் கேட்டது. அந்தப் பக்கத்தில் என்ன கேட்கிறார்கள் என்று தெரியும். மூச்சு விடுகிறாளா என்றுதான்.

நான் பனிக்குள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசியோ என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் ஏழாயிரம் வோல்ற் எனக்கு ஒன்றுமே இல்லை. வெறுங்கையை அதற்குள் விடச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

அம்புலன்ஸ்காரர் இருவர் வந்தார்கள். ஒருவர் உள்ளே காலை வைத்த வேகத்தில் இருமிக்கொண்டு வெளியே வந்தார். என்ன இரசாயனம் என்று கேட்டார். "பிமான்," என்றேன். மிளகாய் என்று அவர் நம்பவில்லை. மனைவி முன்னால் வந்து, "நான்தான் வறுத்தேன், என் பிழை," என்று பிரெஞ்சில் சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

மகளை மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விட்டார்கள். வந்த உடனே நான் இறங்கிப் போய்க் கூடுகளைப் பெட்டிக்குள் தள்ளி, சுவிட்சைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. சனிக்கிழமை காலையிலேயே காய்ந்துதான் இருந்திருக்கும்.

மனைவி பாதி வறுத்த மிளகாயைக் குப்பைப் பையில் கட்டி, பனிக்குள் இழுத்துக்கொண்டு போய் வீதியோரத்தில் வைத்தாள். கடைத்தூள் வாங்கி வந்தாள். அதில் வைத்த கறியை ஒரு குறையும் சொல்லாமல் தின்றாள். நாளுக்குப் பத்துத் தடவை கையைக் கழுவினாள், பிறகும் மோந்து பார்த்தாள். என்னிடம் பேசும்போது குரல் தாழ்ந்தே இருந்தது. குற்றம் செய்தவர்கள் வைத்துக்கொள்ளும் குரல். அந்தக் குரல் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று இரண்டு கிழமை சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள், "என்ர நாக்கு ருசிக்கு என்ர பிள்ளையைக் கொல்லப் பாத்தன்," என்றாள். கண்ணீர் வெங்காயத்தால் வரவில்லை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சொன்னேன். கூடுகள் தொட்டிக்குள் இருந்ததை, நான் பொய் சொன்னதை, மாதா மாதம் மூன்று நாள் இப்படித்தான் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அண்டைக்குத் தாச்சி எடுக்க உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போனனான். ரெண்டும் தொட்டிக்குள்ள நிண்டது. கண்டனான்."

"அப்ப ஏன் என்னட்டக் கேட்டனீர்?"

கத்தியை வைத்தாள். "நானா நிப்பாட்ட மனம் வரேல்ல. அவ்வளவு மிளகாயும் துடைச்சு வைச்சாச்சு. அரை மணித்தியாலத்தில என்ன வரப்போகுது எண்டு நினைச்சன். கேட்டா நீங்கள் ஓம் எண்டுதான் சொல்லுவீங்கள் எண்டு தெரியும். சொன்னா, பேந்து அது உங்கட தலையில."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது பயம்தான். அது நான் அறியாத ஒரு பயம். நான் ஓடினாலும் ஒளித்தாலும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இவள் இருக்கிறாள் என்று நம்பித்தான் இவ்வளவு காலமும் ஓடியிருக்கிறேன். அவளும் அன்றைக்கு என்னை நம்பவில்லை, நான் பொய் சொல்வேன் என்பதைத்தான் நம்பியிருக்கிறாள். அந்தக் கால் மணி நேரமும் மேல்மாடியில் எங்கள் பிள்ளைக்கு ஒருவரும் இருக்கவில்லை.

மேலே மகள் இருமினாள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம், நாற்காலி விழுந்தது, படியில் தோளோடு தோள் இடிபட்டு ஏறினோம். மேசையில் தண்ணீர்க் குவளையோடு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீர் புரையேறியதாம். மூச்சிரைக்க வாசலில் நின்ற எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்து, அவள்தான் பயந்துபோனாள்.