பாதம் பார்க்கிற வேலை

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னபோது மூத்த பெண் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். எழுபதுகளின் கடைசி அது. தேரடித் தெருவில் அவர் பாத்திரக்கடை வைத்திருந்தார். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். வருகிறவர்களுக்கு டீ சொல்லும்போதெல்லாம் தனக்கும் ஒன்று, சர்க்கரை ஜாஸ்தி போட்டு.

சோற்றைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், செருப்பில்லாமல் வாசலில்கூடக் கால் வைக்கக் கூடாது, உள்ளங்காலைத் தினமும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நான் கதவோரமாக நின்று கேட்டேன். படித்தது நாலாவது வரைக்கும்தான். மறந்துவிடுவேனோ என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் காதில் நடக்கச் சொன்னது மட்டும்தான் விழுந்திருந்தது.

சாப்பாடு என் கையில் இருந்தது. அவருக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் பெண்களின் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று வைத்துவிட்டேன். பகலில் கொஞ்சம் சோறு, நிறையக் காய், கீரை. ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி, இல்லையென்றால் அடை.

"அப்பாவுக்குத்தான சக்கரை, எனக்கு எதுக்குக் களி?" என்று சின்னவள் மூக்கை உறிஞ்சினாள்.

"பேசாம முழுங்குடி. பாத்திரக்கடைக்காரர் பொண்ணுன்னா தட்டு மட்டும்தான் பெருசு," என்றாள் மூத்தவள். அவர் சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் காலையில் சோதனை என்று ஒன்று இருந்தது. கண்ணாடிக் குழாயில் டாக்டர் கொடுத்த நீல மருந்தை ஊற்றி, அவருடைய சிறுநீரில் சில சொட்டு விட்டு, சின்ன விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறம் வந்துவிட்டால் சர்க்கரை ஜாஸ்தி. செங்கல் நிறம் வந்த நாட்களில் அவரைவிட நான்தான் சாப்பிட மாட்டேன்.

அடுத்தது நடை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் காரியமில்லாமல் யாரும் நடக்க மாட்டார்கள். நடப்பதென்றால் மலையைச் சுற்றுவதுதான். அவரும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிரிவலம் கிளம்பினார். செருப்பைப் பற்றி ஞாபகப்படுத்தினேன்.

"மலைய சுத்தறப்ப செருப்பா? சொம்மா இரு," என்றார்.

அதற்கு மேல் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. மலையே சிவன் என்று வளர்ந்தவள்தானே நானும். வாரத்தில் ஒரு நாள் மலையைச் சுற்றுவார், மற்ற ஆறு நாளும் கல்லாவில் உட்காருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உள்ளே வந்தபோது அப்போதுதான் துடைத்த சிமெண்ட் தரையில், அவர் நடந்த வழியெல்லாம் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. குங்குமம் சிந்திவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எதை மிதிச்சீங்க?"

"ஒண்ணும் மிதிக்கலையே."

காலைத் திருப்பிப் பார்த்தால் உள்ளங்காலில் சோடா பாட்டில் சில்லு ஏறியிருந்தது. எவ்வளவு தூரம் அதோடு நடந்தாரோ தெரியாது. டாக்டர் அதைப் பிடுங்கி மருந்து ஊற்றினார். இவர் சாவகாசமாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னைத்தான் பார்த்தார். "வலிக்கலன்னு சந்தோஷப்படாதீங்கம்மா. கால்ல உணர்ச்சி போயிடுச்சி. புண்ணு கருப்பாச்சுன்னா வேலூருக்குப் போய் எடுக்க வேண்டியதாயிடும்."

எதை எடுப்பது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. புண் ஆறுகிற வரைக்கும் கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் ஒரு கண்ணைத்தான் முதலில் திறப்பேன். கடைக்கு மூன்று படி ஏற வேண்டும். அந்தப் படிகள் சதா என் கண்ணில் நின்றன.

மெல்ல மெல்ல ஆறியது. ஆனால் உட்கார்ந்தே கிடந்ததில் குழாயில் மறுபடி செங்கல் நிறம் வந்துவிட்டது. செருப்புப் போட்டுக்கொண்டு தினமும் நடக்கணும் என்றார் டாக்டர். நான் யோசித்து யோசித்து ஒரு நாள் சொன்னேன்: "மலைப் பக்கம் வேணாங்க. கீழ்பென்னாத்தூர் ரோட்டுல நடக்கலாம்."

"அங்க இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க. அதான் சொல்றேன். செருப்பக் கழட்டற மாதிரி எதுவும் இல்ல."

தனியாகப் போகமாட்டேன் என்றார். அதனால் நானும் போனேன். கடைத்தெருவில்கூட அவருக்கு நாலடி பின்னால் தலையைக் குனிந்து வருகிறவள் நான். விடிந்தும் விடியாமல், காலில் புது ரப்பர் செருப்பு சடக் சடக்கென்று அடிக்க, பக்கத்தில் நடப்பது உடம்பெல்லாம் கூசியது. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இன்னாங்க மொதலாளி, பஸ்ஸு பின்னாடி வருது, நில்லுங்க! அம்மாவ ஏன் நடக்க வுடறீங்க?" என்பார். லீவு நாளில் பெண்களும் வந்தார்கள். அவர்கள் எதிரில் வரும் மாட்டு வண்டிவரை ஓடிவிட்டுத் திரும்பி வருவார்கள். அவரும் வேகமாக நடக்கப் பழகினார். காலைச் சோதனையில் பச்சை வந்தது, சில நாள் நீலமே வந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அவர் பாதத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

மாசி மாசம் பிறந்ததும் அண்ணி வந்தார். அண்ணி என்பது என் வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு வீடு தள்ளி இருந்தார். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர்.

"ஏம்மா, கால் நல்லாயிடுச்சின்னா தம்பிய மலைய சுத்த வைக்கிறேன்னு வேண்டிக்கினு இருந்தேன். வர்ற பௌர்ணமிக்கு அனுப்பிடு."

"செருப்போடயா, அண்ணி?"

"செருப்போட சுத்தறதுக்குப் பேரு கிரிவலமா? புது மாப்ள புதுப் பொண்ணு மாதிரி ரோட்டுல ஊர்வலம் போறீங்களே, அதுக்குப் போட்டுக்கோ."

அக்கா பேச்சை அவர் தட்டியதே கிடையாது. பௌர்ணமி நெருங்க நெருங்க எனக்கு அடுப்பில் வைத்தது தீய்ந்தது. முந்தின நாள் அண்ணி ஞாபகப்படுத்த வந்தபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வேண்டிக்கினது நீங்கதான அண்ணி? நீங்க சுத்துங்க. அவருக்குப் பதிலா நான் வர்றேன். அவரு வரமாட்டாரு."

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு, "அவ வரட்டும்க்கா," என்றார்.

மறுநாள் விடிகாலையில் நானும் அண்ணியும் கிளம்பினோம். அண்ணி நாலடி முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அடி அண்ணாமலை கிராமம் தாண்டி ரோடு போடுவதற்குப் புதுசாக ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஓரத்தில் முள், நடுவில் ஜல்லி. அண்ணி, "அப்பா, ஐயோ, அண்ணாமலையாரே, இன்னா குத்து குத்துது!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

"நமக்குக் குத்துது அண்ணி," என்றேன். "அவருக்குக் குத்தாது. இது பூரா நேரா நடந்துடுவாரு."

"அதெப்படிக் குத்தாம இருக்கும்?"

"கண்ணாடிச் சில்லே குத்தலயே."

அண்ணி நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு மீதி ரோடு முழுக்க ஐயோ என்றுகூடச் சொல்லாமல் நடந்தார்.

வெயில் ஏறித்தான் வீடு வந்து சேர்ந்தோம். அவர் கடைக்குப் போகாமல் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணி தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நேராகப் போய் அவர் காலடியில் உட்கார்ந்து, ஒரு காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்காலில் நகத்தால் அழுத்தினார்.

"தெரியுதாடா?"

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். "இன்னாது, அக்கா?"

அண்ணியின் முகம் கோணிவிட்டது. விரலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து, இன்னும் அழுத்தி, "இப்போ?" என்றார்.