உயிரோடா, இறந்தவரா

தூரத்திலிருந்து பார்த்தபோது அந்த மலையூர் மனிதர் கட்டியதாகத் தெரியவில்லை. மலை களைத்து உட்கார்ந்த இடத்தில் மணிக்கூண்டுகள் முளைத்திருந்தன. ஒலிவ மரங்களின் சாம்பல் பச்சை, பிறகு மதில், பிறகு ஏற்றம், இன்னும் ஏற்றம். நான் சந்துக்குச் சந்து நின்றேன். மனைவி எங்கும் நிற்கவில்லை. இத்தாலி பார்ப்பதற்கு அவள் வரவில்லை. புனிதரின் கல்லறைக் கோவிலில் தம்பிக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளுடைய தம்பி, போர்க்காலத்தில் ஒருநாள் காலையில் மட்டக்களப்புச் சந்தைக்குப் போனவன். அவனும் வரவில்லை, உடலும் வரவில்லை. மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் இருக்கும் மாமி அவனுடைய பிறந்தநாள் தோறும் நல்ல சுகத்துக்கென்று பூசை கொடுப்பார். அந்த வீட்டில் அவனுக்கு இறந்தகாலம் கிடையாது. தம்பிக்கு நண்டுக்கறி பிடிக்கும். தம்பிக்கு இருட்டென்றால் பயம்.

புறப்படும்போது மாமி என்னிடமும் சொன்னார்: "மருமகன், நீங்க சைவக்காரர்தான். எண்டாலும் முழங்கால்ல நிண்டா ஒண்டும் கொறைஞ்சி போகா."

கோவிலை ஒட்டிய சின்ன அறையில் பழுப்பு அங்கியுடன் ஒரு துறவி இருந்தார். மனைவியின் மொன்றியல் பிரெஞ்சைக் கேட்டுப் புன்னகைத்தார். பெயர் கேட்டார், சொன்னாள். பிறகு பேனாவைத் தூக்கியபடி, வெகு சாதாரணமாக: உயிரோடு இருப்பவரா, இறந்தவரா?

எங்கள் கோயிலில் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் போதும். உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே அர்ச்சனை, ஐயர் ஏன் கேட்கப்போகிறார்? மாமியிடமும் அவருடைய கோவிலில் யாரும் கேட்டதில்லை, எல்லாரும் அவரைத் தெரிந்தவர்கள். இந்த மனிதருக்கு எங்களைத் தெரியாது.

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள், விட்டாள், மறுபடி முறுக்கினாள்.

"இறந்தவர்" என்றாள்.

துறவி தலையசைத்து எழுதிக்கொண்டார்.

வெளியே சதுக்கம் முழுக்க உச்சி வெயில். மாமியின் அழைப்பு வந்தது. மொன்றியலில் அப்போதுதான் விடிந்திருக்கும்.

"புள்ள, குடுத்தாச்சா?"

"ஓம் அம்மா."

"என்னண்டு குடுத்தாய்?"

மனைவி தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டு மதிலோரம் போய்த் திரும்பி நின்றாள்.

"மருமகன், என்னண்டு சொன்னவள்?"

"பேர் மட்டுந்தான் கேட்டாங்க மாமி."

அந்தப் பக்கம் கேத்தல் கொதித்து அடங்கும் சத்தம்.

"சரி மருமகன். போன அவளிட்ட குடுக்க வேணாம். அழட்டும்."

மாமி தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.